செக்ரோலில் பெயர் உண்டு, இடாப்பில் இல்லை

அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தை அமெரிக்கப் பிரஜையா என்று அங்கே வழக்கு எழுந்திருக்கிறது. அட்டனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் இருப்பவர்களுக்கு அது பழைய வழக்கு. மலையகத்துச் சாதாரணப் பிரஜையின் கண்ணில் அமெரிக்க அரசியல் எப்படித் தெரிகிறது?

1964 ஒக்டோபர் 20ஆம் தேதி கலிபோர்னியாவின் ஓக்லன்ட் நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய் சியாமளா கோபாலன், தமிழ்நாட்டுக் குடும்பத்தவர். 1958இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா போனவர். தந்தை டொனால்ட் ஹரிஸ், ஜமேக்காவிலிருந்து படிக்க வந்தவர். இரண்டு பேருமே அந்த நாட்டில் பிறந்தவர்கள் இல்லை. குழந்தையோ பிறந்த நிமிடத்திலேயே அமெரிக்கப் பிரஜை. அதற்காக யாரும் விண்ணப்பம் எழுதவில்லை. பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று எந்த அதிகாரியும் விசாரிக்கவில்லை. அந்தக் குழந்தைதான் பின்னாளில் உப ஜனாதிபதியான கமலா ஹரிஸ்.

அதற்குச் சரியாகப் பத்து நாள் கழித்து, ஒக்டோபர் 30ஆம் தேதி, புதுடில்லியில் இரண்டு பிரதமர்கள் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைத் தோட்டங்களில் இருந்த 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பத்து வருடம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஓக்லன்டில் கமலா பிறந்த அதே மாதத்தில் மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ லயத்துக் காம்பராவில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்திருக்கும். அவர்களுடைய ஆட்கள் மூன்று, நான்கு தலைமுறையாக அதே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோரை எந்த நாடும் தன் பிள்ளை என்று சொல்லவில்லை.

அமெரிக்க அரசியலைப் பற்றிப் பேச மலையகத்தானுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, இந்த இரண்டு தேதிகளே போதும்.

ஒரு சமையற்காரரின் வழக்கு

2025 ஜனவரி 20ஆம் தேதி, இரண்டாம் முறை பதவியேற்ற அன்றே, ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் ஒரு நிறைவேற்று உத்தரவில் கையெழுத்திட்டார். தாய் சட்டவிரோதமாக அல்லது தற்காலிக விசாவில் நாட்டில் இருந்து, தந்தையும் பிரஜையாகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இல்லாவிட்டால், அங்கே பிறக்கும் குழந்தைக்கு இனிப் பிரஜாவுரிமை இல்லை என்பது அதன் சாரம். கமலா ஹரிசின் தகுதி பற்றி இதே கேள்வியை எழுப்பும் கட்டுரை ஒன்றை 2020 ஓகஸ்டில் ‘நியூஸ்வீக்’ சஞ்சிகை வெளியிட்டது. கடும் கண்டனம் வந்தது. ஐந்து வருடத்துக்குள் கட்டுரை உத்தரவாகிவிட்டது.

இந்த உத்தரவு மோதுவது 1868இல் அமெரிக்க அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 14ஆவது திருத்தத்தோடு. அங்கே அடிமை முறை ஒழிந்த கையோடு வந்தது அந்தத் திருத்தம். கறுப்பின மக்கள் பிரஜைகளாகவே முடியாது என்று 1857இல் அந்த நாட்டின் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பைத் துடைக்க ஓர் உள்நாட்டு யுத்தமும் ஓர் அரசியலமைப்புத் திருத்தமும் தேவைப்பட்டன. அந்த மண்ணில் பிறந்து அதன் சட்டத்துக்கு உட்பட்டவர் எவரும் பிரஜை என்று அது எழுதி வைத்தது. லூல்கந்தூரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867இல். நம் மலையில் தேயிலை வேர் பிடிக்கத் தொடங்கிய அடுத்த வருடம் அங்கே அந்த விதி வேர் பிடித்தது.

விதி எழுதினால் போதுமா? சோதனை வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர் வொங் கிம் ஆர்க். தொழில் சமையல். 1895இல் சீனாவுக்குப் போய்த் திரும்பி வந்தவரைக் கப்பலை விட்டு இறங்க விடவில்லை. சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரக்கூடாது என்று 1882இல் சட்டம் போட்டிருந்த காலம் அது. தண்டவாளம் போடவும் சுரங்கம் வெட்டவும் சீனர் தேவைப்பட்டார்கள்; வேலை முடிந்ததும் வேண்டாதவர்களாகிவிட்டார்கள். வொங் கிம் ஆர்க் வழக்குப் போட்டார். 1898இல் உயர் நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் நின்றது: பெற்றோர் யாராக இருந்தாலும், இங்கே பிறந்த இவர் இந்த நாட்டுப் பிரஜை.

ட்ரம்பின் உத்தரவைக் கையெழுத்திட்ட மூன்றாம் நாளே சியாட்டில் நகர நீதிபதி ஒருவர் தடுத்து நிறுத்தினார். அடுத்தடுத்து வழக்குகள். 2025 டிசம்பரில் உயர் நீதிமன்றம் இந்தக் கேள்வியை நேரடியாகவே விசாரிக்க ஏற்றுக்கொண்டது. ஒரு சமையற்காரர் வென்று கொடுத்த உரிமை 127 வருடம் கழித்து மறுபடி நீதிமன்றப் படியேறியது.

ருவன்வெல்லையில் தோற்ற வழக்கு

நம் கதையிலும் ஒரு வழக்கு உண்டு. அதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அதிகம் சொல்லிக் கொடுப்பதில்லை.

சுதந்திரம் கிடைத்த வருடத்திலேயே, 1948இல், இலங்கைப் பாராளுமன்றம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு முன் இந்த மண்ணில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தான் பிறந்த இடம் கணக்கில் இல்லை. தாயும் கணக்கில் இல்லை. சட்டம் வந்த பிறகு பிறக்கும் பிள்ளைக்குத் தந்தை பிரஜையாக இருந்தாக வேண்டும்.

படித்துப் பார்த்தால் எந்த இனத்தின் பெயரும் அதில் இல்லை. எல்லோருக்கும் பொதுவான சட்டம் போலவே இருக்கும். நடைமுறையில் அது யாரைப் பிடித்தது என்பது நாடறிந்தது. கிராமத்துச் சிங்களவரிடம் போய்ப் பூட்டன் பிறந்த பத்திரத்தைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்து ஆளிடம் மட்டும் கேட்டார்கள்.

1949இல் இன்னும் இரண்டு சட்டங்கள். ஒன்று, இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறலாம் என்றது. மற்றது, பிரஜை அல்லாதவரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்தது. ஒரு கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு, வீட்டையே காலி செய்யச் சொன்ன கணக்கு.

இதை எதிர்த்து நின்றவர் கோடகன் பிள்ளை. ருவன்வெல்லைத் தொகுதி இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார். பதிவதிகாரி முதன்னாயக்க மறுத்தார். மேல்விசாரணை செய்த அதிகாரி சிவஞானசுந்தரம், பெயரைச் சேர்க்க வேண்டும் என்றார். எந்தச் சமூகத்துக்கும் மற்றவர்களுக்கு இல்லாத இடையூறைச் சட்டத்தால் விதிக்கக்கூடாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொல்லியிருந்தது. கோடகன் பிள்ளைக்கு இருந்த பலம் அந்த ஒரு பிரிவுதான். இலங்கை உயர் நீதிமன்றம் சிவஞானசுந்தரத்தின் முடிவை மாற்றியது. வழக்கு அப்போதைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் கோமறைக் கழகம் வரை போனது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டுச் சட்டசபையின் இயல்பான வேலை என்று கூறி, 1953இல் அதுவும் கைவிரித்தது.

வொங் கிம் ஆர்க்கும் கோடகன் பிள்ளையும் நீதிமன்றத்தில் கேட்டது ஏறத்தாழ ஒன்றைத்தான்: இந்த நாட்டுக் கணக்கில் என்னைச் சேர்ப்பாயா, மாட்டாயா? சான் பிரான்சிஸ்கோக்காரர் வென்றார், ருவன்வெல்லைக்காரர் தோற்றார். அமெரிக்க நீதிபதிகள் நம்மவர்களைவிட நல்லவர்கள் என்பது இதற்குக் காரணமில்லை. சீனரைத் தடுத்த சட்டத்தையும் அதே நீதிமன்றம்தான் சரியென்று ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் பிறப்புரிமை அங்கே அரசியலமைப்பிலேயே பச்சையாக எழுதப்பட்டிருந்தது. அதைத் தொட வேண்டுமானால் பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கும் சேர வேண்டும். இங்கே சாதாரணப் பெரும்பான்மை போதுமாக இருந்தது. ஒரு வாக்கெடுப்பில் காரியம் முடிந்தது.

கை வேண்டும், வாக்கு வேண்டாம்

ஏன் இத்தனை அவசரம்? 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயின. முந்தைய வருடக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில். அவர்களின் வாக்கு பெரும்பாலும் தொழிலாளி வர்க்கத்து வாக்கு. அடுத்த தேர்தலுக்கு முன் அந்த வாக்குகள் இல்லாமல் போக வேண்டியிருந்தது. போயின. 1952 தேர்தலில் மலையகத்துக்குத் தன் ஆளென்று ஒருவரும் இல்லை.

வாக்குத்தான் போனது, வேலை போகவில்லை. பெயர் வெட்டுப்பட்ட மறுநாளும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போனார்கள். தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் பெயர் இருந்தது. கொழுந்து மடுவத்தில் றாத்தல் நிறுத்தார்கள். அந்தத் தேயிலைதான் நாட்டின் பிரதான ஏற்றுமதி. அதன் மீது விதித்த வரியில்தான் அரசாங்கம் அரிசிக்கு மானியம் கொடுத்தது, பள்ளிக்கூடம் நடத்தியது. 1773இல் பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசியவர்களின் வாதம், எங்களுக்குப் பிரதிநிதி இல்லாத பாராளுமன்றம் எங்கள் மீது வரி போடக்கூடாது என்பது. அமெரிக்கா என்ற நாடு அந்த வாதத்தில்தான் பிறந்தது. அதே வாதத்தைச் சொல்ல நம்மைவிட உரித்தானவர்கள் இல்லை. நம் ஆட்கள் பெட்டியை வீசவில்லை. 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

இப்போது கலிபோர்னியாவின் வயல்களைப் பாருங்கள். கீரையும் ஸ்ட்ரோபெரியும் தக்காளியும் பறிப்பவர்களில் பெரும்பாலானோர் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பிறந்தவர்கள். பயிர்த் தொழிலாளரில் பத்துக்கு நான்கு பேர் அளவில் முறையான பத்திரம் இல்லாதவர்கள் என்று அந்நாட்டுத் தொழில் திணைக்களத்தின் கணக்கெடுப்பே சொல்கிறது. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைப் பாதுகாத்த 1935ஆம் வருடச் சட்டம் விவசாயக் கூலிகளை வெளியே விட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் அவர்களில் ஒரு பகுதியினரைக் கொண்டுவர 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கங்காணி முறை என்ன என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒப்பந்தக்காரர் ஆள் பிடித்து, வண்டி ஏற்றி, கூலியில் கழித்துக்கொள்ளும் வழக்கம் அங்கேயும் உண்டு.

2025 ஜூனில் குடிவரவு அதிகாரிகள் பண்ணைகளுக்குள் புகுந்து ஆட்களைப் பிடித்தபோது பண்ணை முதலாளிகள் பதறினார்கள். நல்ல வேலைக்காரர்கள் போய்விடுகிறார்கள் என்று ஜனாதிபதியே ஒப்புக்கொண்டார். பண்ணைகளில் தேடுதலை நிறுத்தச் சொன்னார்கள். சில நாளில் அந்தச் சொல்லும் மாறியது. கை தேவை என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் பக்கத்து வீட்டில் குடியிருந்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை ஒருநாள் வாக்களிக்கும் என்பதில்தான் கலக்கம். 1948இன் சண்டையும் இதுவேதான்.

பத்திரம் எங்கே?

உரிமையைப் பறிக்க எப்போதும் சட்டம்தான் வேண்டும் என்பதில்லை. பத்திரம் கேட்டாலே போதும்.

1949ஆம் வருடச் சட்டப்படி விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம். திருமணமானவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்காது. இருந்தால் அதில் இராமாயி, செக்ரோலில் ராமாய், விவாகப் பதிவில் இராமம்மாள். ஒரு முறை ஊருக்குப் போய் வந்தால் வதிவு முறிந்தது என்பார்கள். 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் அளவில் போயின. அவற்றில் அடங்கியவர்கள் எட்டு இலட்சத்துக்கும் மேல். 1964 வரையில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

அமெரிக்காவில் 2025இல் பேசப்பட்ட ஒரு சட்டமூலம் இதை ஞாபகப்படுத்துகிறது. வாக்காளராகப் பதியும்போது பிரஜை என்பதற்குக் கடவுச்சீட்டோ பிறப்புப் பத்திரமோ காட்ட வேண்டும் என்ற சட்டமூலத்தை 2025 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது: பிரஜைதான் வாக்களிக்க வேண்டும், பிரஜை என்று காட்டுவதில் என்ன கஷ்டம்? கடவுச்சீட்டே எடுக்காத அமெரிக்கர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிக்கொண்ட பெண்களின் பிறப்புப் பத்திரத்தில் வேறு பெயர். வேலை நாளில் லீவு போட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய முடியாதவன் ஏழைதான். பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காகக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்துக்கும் தோட்ட ஒபிசுக்கும் நடந்த எவருக்கும் இந்த வாதத்தில் இருக்கும் பொறி புரியும்.

ஒப்பாரிக் கோச்சி

சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தலைமன்னார் போகும் ரயிலுக்கு மலையகத்தார் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அட்டன் ஸ்டேசனிலும் நானுஓயாவிலும் ஒரு பாதிக் குடும்பம் பெட்டிக்குள், மறுபாதி மேடையில். தாய்க்கு இந்தியப் பத்திரம், கட்டிக்கொடுத்த மகளுக்கு இலங்கைப் பத்திரம். தலைமன்னாரிலிருந்து கப்பல், பிறகு மண்டபம் முகாம், பிறகு நீலகிரித் தேயிலையோ எங்கோ ஒரு காலனியோ. இங்கே ‘இந்தியாக்காரன்’ என்று பேச்சுக் கேட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரன்’ ஆனார்கள். 1983இன் வன்செயலுக்கு அடுத்த வருடம் கப்பல் நின்றது. அதன் பிறகும் பத்திரம் மட்டும் இந்தியப் பத்திரமாக, ஆள் மட்டும் லயத்திலேயே இருந்த குடும்பங்கள் பல.

அமெரிக்காவிலிருந்து இப்போது வரும் படங்களைப் போனில் பார்க்கும்போது அதனால்தான் நமக்கு நெஞ்சு பதறுகிறது. தாய், தகப்பனை வாகனத்தில் ஏற்றுகிறார்கள். பிள்ளை அமெரிக்கப் பிரஜை, வாசலில் நிற்கிறது. ஒரே வீட்டுக்குள் இரண்டு நாட்டுப் பத்திரம் இருந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்க நமக்கு ஆராய்ச்சியாளர் வேண்டாம்.

மலையகத்திலும் ட்ரம்பை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். துணிச்சல்காரர், தன் நாட்டைப் பார்க்கிறார், நம் தலைவர்களுக்கு அந்தத் தைரியம் இல்லை என்று தேத்தண்ணிக் கடையிலேயே கேட்கலாம். வந்தேறிகள் எங்கள் வேலையைப் பறித்தார்கள் என்று அமெரிக்கத் தொழிலாளி நினைப்பதில் பொய்யும் உண்டு, உண்மையான வலியும் உண்டு. ஆலை மூடிய ஊரில் இருப்பவன் கோபப்படத்தான் செய்வான். ஆனால் ‘தன் நாட்டைப் பார்க்கிறார்’ என்று சொல்லும்போது, அந்தத் ‘தன்’னுக்குள் யாரை வைப்பது என்று முடிவு செய்வது யார்? 1948இல் நம்மைத் ‘தன்’னுக்கு வெளியே வைத்தவர்களும் தங்கள் நாட்டைப் பார்ப்பதாகத்தான் சொன்னார்கள்.

ட்ரம்பின் கணக்கும் தோட்டத்துச் சம்பளமும்

அமெரிக்க அரசியல் செய்தியாக மட்டும் நம்மிடம் வருவதில்லை. சம்பளத்திலும் வருகிறது.

2025 ஏப்ரல் 2ஆம் தேதி இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று ட்ரம்ப் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார். அந்த 44 எப்படி வந்தது? இலங்கை அமெரிக்காவுக்கு வருடத்துக்குச் சுமார் 300 கோடி டொலருக்கு விற்கிறது. அங்கிருந்து வாங்குவது 40 கோடிக்கும் குறைவு. வித்தியாசத்தை விற்பனையால் வகுத்தால் 88 வீதம். அதில் பாதி 44. அவ்வளவுதான் சூத்திரம். தைத்த உடுப்பை விற்றுப் பிழைக்கிற நாடு விமானமும் இயந்திரமும் அதே அளவுக்கு வாங்காதது குற்றமாகிவிட்டது. பேச்சுவார்த்தைக்குப் பின் ஜூலையில் 30, ஓகஸ்டில் 20 என்று இறங்கியது.

இலங்கை அங்கே விற்பதில் பெரும்பகுதி ஆடை. தோட்டத்துக்கும் அதற்கும் என்ன? தோட்டத்தில் படித்து முடித்த பிள்ளைகள் இன்று கொழுந்துக் கூடை தூக்குவதில்லை. கட்டுநாயக்க, பியகம போடிங் அறைகளில் தங்கிக் கார்மென்ட்ஸ் வேலை பார்க்கிறார்கள். தம்பியின் டியூசன் காசும் அம்மாவின் மருந்துச் செலவும் அந்தச் சம்பளத்தில்தான். வொஷிங்டனில் வரி ஏறினால், ஓடர் குறைந்து, ஓவர்டைம் நின்று, அது நோர்வூட் லயத்தில் வந்து தெரியும்.

தேயிலைக்கு வந்த சங்கதி இன்னும் சுவாரசியம். நம் தேயிலையை அமெரிக்கா அதிகம் வாங்குவதில்லை. ஈராக், ரஷ்யா, துருக்கி, வளைகுடா நாடுகள்தான் பெரிய வாடிக்கையாளர்கள். ஆனாலும் வரி தேயிலை மீதும் விழுந்தது. 2025 நவம்பரில் அமெரிக்க மாநில, நகரத் தேர்தல்களில் விலைவாசியைப் பேசியவர்கள் வென்றார்கள். வீட்டு வாடகையை முடக்குவேன், பஸ்ஸை இலவசமாக்குவேன் என்ற சொஹ்ரான் மம்தானி, உகாண்டாவில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர், நியூயோர்க் மேயராகத் தெரிவானார். அந்த மாத நடுவிலேயே கோப்பி, தேயிலை, வாழைப்பழம், மாட்டிறைச்சி போன்றவற்றுக்குப் புதிய வரியிலிருந்து விலக்குக் கொடுத்தார் ட்ரம்ப். அமெரிக்கன் காலையில் குடிக்கும் கோப்பியின் விலைக்கு அவன் வாக்கில் கணக்குத் தீர்த்தான். கூடவே நம் தேயிலையும் பிழைத்தது. வாக்குக்கு இருக்கும் பலம் இதுதான்.

ஈரான் பக்கம் பார்த்தால் கதை வேறு. இலங்கைத் தேயிலையின் பெரிய வாடிக்கையாளராக இருந்த நாடு அது. 2018இல் ட்ரம்ப் அணு ஒப்பந்தத்திலிருந்து விலகித் தடைகளைக் கொண்டுவந்த பிறகு, ஈரானிடமிருந்து காசு வங்கி வழியாக வருவது கஷ்டமானது. அதேபோல் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு நாம் கொடுக்க வேண்டிய 25 கோடி டொலரும் கொடுக்க வழியில்லாமல் கிடந்தது. கடைசியில் 2021 டிசம்பரில் ஓர் ஏற்பாடு: மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை அனுப்பிக் கடனைக் கழிப்பது. நாட்டின் எண்ணெய்க் கடனை மலையகத்துப் பெண்களின் விரல்கள் பறித்த கொழுந்தால் அடைக்கும் ஏற்பாடு அது. அந்தத் தடைகளை முடிவு செய்தவர்களைத் தேர்ந்தெடுக்க நமக்கு வாக்கில்லை.

அமெரிக்காவில் எல்லோரும் சொகுசாக இருக்கிறார்கள் என்ற எண்ணமும் இங்கே உண்டு. மத்திய அரசு விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டொலர், 2009க்குப் பின் அது ஒரு சதமும் ஏறவில்லை, பல மாநிலங்கள் தாமாகவே கூட்டிக் கொடுக்கின்றன. 2026 வரவுசெலவுத் திட்டப்படி நம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், 200 ரூபா அரசாங்க வரவுப்படி சேர்த்து, 1,750 ரூபா. ஒரு முழு நாளுக்கு ஆறு டொலருக்கும் குறைவு. அங்கே ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது இங்கே ஒரு நாளுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அங்கே ஒருவன் ஆஸ்பத்திரியில் படுத்தால் வரும் பில் அவனை ஆயுள் கடனாளியாக்கலாம். டிக்கோயா ஆஸ்பத்திரியில் நமக்கு அந்தப் பயம் இல்லை. 2025 ஒக்டோபர் 1 முதல் 43 நாள் அமெரிக்க அரசாங்கம் பூட்டிக் கிடந்தபோது, உணவு உதவி அட்டையை நம்பியிருந்த 4 கோடி 20 இலட்சம் பேர் நவம்பர் மாதச் சாமானுக்குத் தவித்தார்கள். வேலைக்குப் போய்வந்தும் உணவு அட்டை தேவைப்படுகிறவர்கள் அவர்களில் பலர். எழுபதுகளில் மாவு கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினி கிடந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தவிப்பு அந்நியமில்லை.

திரும்பி வந்த வாக்கு

நம் வாக்கு ஒரே நாளில் திரும்பவில்லை. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் காமினி திசாநாயக்கவுக்கும் அநுர பண்டாரநாயக்கவுக்கும் அடுத்து மூன்றாமவராகத் தொண்டமான் வந்தார். 1947க்குப் பிறகு மலையகம் வாக்குப் போட்டு அனுப்பிய முதல் ஆள் அவர். இடையில் முப்பது வருடம். பிரஜாவுரிமை கொடுக்க 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொரு சட்டம். 2003ஆம் வருடச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வதிந்தவர்களும் அவர்களின் சந்ததியினரும் பிரஜைகள் என்றது. பங்கு போட்ட அதே தேதியை வைத்தே பங்கு போட்டதைச் செல்லாததாக்கினார்கள். மொத்தம் 55 வருடம்.

2024 நவம்பர் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் போனார்கள். மலையகத்துத் தமிழ்ப் பெண்கள் வாக்கால் அங்கே போனது அதுவே முதல் முறை.

ஆனால் இடாப்பில் பெயர் ஏறியதோடு பிரஜையாகிவிட்டோமா? பிரதேச சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்க 2018 வரை சட்டம் இடம் கொடுக்கவில்லை; வாக்குக் கேட்டு மட்டும் உள்ளே வந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் மலை சரிந்தபோது, வீடு இழந்தவர்களுக்கு நட்டஈடு என்று வந்ததும் முதல் கேள்வி காணி யாருடையது என்பதுதான். லயம் தோட்டத்துச் சொத்து. நான்கு தலைமுறை குடியிருந்தவர் கையில் உறுதிப்பத்திரம் இல்லை. 1949இல் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள், இப்போது காணிப் பத்திரம் கேட்கிறார்கள்.

அமெரிக்காவைப் பார்த்து ஒரு மலையகப் பிரஜை எடுத்துக்கொள்ள வேண்டியது இங்கேதான் இருக்கிறது. அவர்களிடம் நம்மிடம் இல்லாத ஒன்று இருந்தது: பிறப்புரிமை அரசியலமைப்பில் எழுதப்பட்டிருந்தது. அது இருந்தும் ஓர் ஆள் ஒரு பேனாவால் அதை அசைத்துப் பார்க்க முடிந்திருக்கிறது. அசைக்க மட்டுமே முடிந்தது, அன்றே பிடுங்க முடியவில்லை என்பதற்கும் அந்த எழுத்துதான் காரணம். உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு எப்படி அமைந்தாலும் இந்த இரண்டும் உண்மை.

நம் காணியுரிமையோ, சம்பளச் சூத்திரமோ, தோட்டத்துக்குள் பாதையோ இன்றும் அமைச்சரின் வாக்குறுதியாக, அமைச்சரவைப் பத்திரமாக, சுற்றறிக்கையாகத்தான் இருக்கின்றன. ஆட்சி மாறினால் சுற்றறிக்கை மாறும். 1948இல் ஒரு சாதாரணப் பெரும்பான்மையால் எல்லாவற்றையும் இழந்த சமூகம் சுற்றறிக்கையை நம்பி இருக்கக்கூடாது. புதிய அரசியலமைப்பு பற்றி இந்த நாட்டில் யார் பேசினாலும், மலையகம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எங்கள் காணியும் எங்கள் பிரஜாவுரிமையும், இலகுவில் யாரும் கை வைக்க முடியாத இடத்தில் எழுதப்படுமா?